பாக்கியம் நகரில் நேராக நின்ற வீடு

பாக்கியம் நகர் சாய்வதற்கு நாலு நாள் முன்னாடியே அங்கிருந்த ஊஞ்சல்களெல்லாம் மெதுவாகிவிட்டன. ஒருமுறை உந்திவிட்டால், போன ஊஞ்சல் திரும்பி வருவதற்குள் ஒரு டம்ளர் காப்பியை ஆற்றிக் குடித்துவிடலாம் என்கிற அளவுக்கு மெதுவாகி, கடைசி நாளன்று போன இடத்திலேயே நின்று, வரலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒருவழியாக மனசில்லாமல் திரும்பியது. பனி என்றார்கள், கொக்கிக்கு எண்ணெய் விட்டார்கள், அத்தோடு விட்டுவிட்டார்கள். ஊஞ்சலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கு நேரமிருக்கிறது, சொல்லுங்கள்.

தருமபுரிக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டி இருந்தது அந்த நகர். நகர் என்றால் ஒரே தெருதான். மனை போட்டவர் தன் அம்மா பெயரை வைத்து, செலவை மிச்சம் பிடிக்க ஒரே வரைபடத்தை இருபத்துநாலு தடவை கட்டி, ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராகும்படி மேற்கிலிருந்து கிழக்கே வரிசையாக ஒட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார். எல்லா வீட்டிலும் கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒன்பது எட்டு, எல்லா வீட்டிலும் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாது, எல்லா வீட்டிலும் வாசலில் மூன்று படி. கண்ணைக் கட்டிவிட்டாலும் யார் வீட்டிலும் யாரும் புழங்கலாம்.

மார்கழி பதினெட்டு விடியற்காலையில் பதினாறு டிகிரிக்குக் குளிர் இறங்கியபோது நகர் சாய்ந்தது. சத்தமில்லை, விரிசலில்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள்; நேர்ப்புள்ளியாக வைத்த பதினைந்துக்குப் பதினைந்து, கோடு இழுப்பதற்குள் ஒரு பக்கமாக நழுவி, சதுரமெல்லாம் சாய்சதுரமாகிக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் வீடும் அப்படித்தான் நின்றது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா வீடும் ஒரு சாண் கிழக்கே சாய்ந்திருந்தன, பதினாலிலிருந்து இருபத்துநாலு வரை எல்லாம் ஒரு சாண் மேற்கே சாய்ந்திருந்தன, தரையும் அதற்கேற்ப ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. நடுவில் மாட்டிக்கொண்ட பதின்மூன்றாம் எண் மட்டும், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், நேராக நின்றது.

அந்தப் பதின்மூன்றில் இருந்தவள் மங்கையர்க்கரசி. அரசுக் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குடுவை கழுவுவது, வெப்பமானி எடுத்துவைப்பது, பேராசிரியர் ஜெபமாலை இரவும் பகலுமாக வளர்க்கும் படிகங்களைத் தூசி படாமல் பார்த்துக்கொள்வது என்று பத்தொன்பது வருஷமாக அதே வேலை. அவள் கணவர் தீர்த்தகிரி பஸ் கண்டக்டராக இருந்தவர். இருபத்தாறு வருஷம் தொப்பூர் கணவாயின் அத்தனை வளைவிலும் கம்பியைத் தொடாமல் நடுவில் நின்று சீட்டுக் கிழித்த மனுஷன், போன மாசி மாதம் டிப்போ வாசலில் இடது பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தார். உயிர் தப்பியது, கால் வரவில்லை. ஒரு வருஷத்துக்குள், மிஞ்சிப்போனால் பங்குனிக்குள், கால் பழகிவிட வேண்டும், பழகாவிட்டால் கடைசிவரைக்கும் நாற்காலிதான், பழகுகிற தரை சமமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரசிக்கு அந்த ஒரு கவலைதான். ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தால் அவளுக்கென்ன, தன் வீடு சாயவில்லை என்று அன்றைக்குக் காலையில் தெருவில் நின்று பார்த்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சந்தோஷம் ஒரு வாரம்தான்.

பாக்கியம் நகர்க்காரர்கள் சாய்வுக்குப் பழகிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், இத்தனை வருஷமும் எப்போது சாயலாம் என்று காத்திருந்தார்களோ என்றுதான் தோன்றும். தச்சரைக் கூட்டிவந்து கட்டில், மேசை, பீரோ எல்லாவற்றுக்கும் ஒரு பக்கக் காலை அறுத்துச் சமன்செய்துகொண்டார்கள். பத்தே நாளில் நடை மாறியது, உட்காருகிற விதம் மாறியது. அப்புறம் கிழக்குச் சாய்வு என்றும் மேற்குச் சாய்வு என்றும் பேச்சு வந்தது. சூரியன் உதிக்கிற திசையைப் பார்த்துச் சாய்வதுதான் முறை என்றார்கள் இவர்கள், உழைத்துக் களைத்தவன் மேற்கே பார்த்துத்தான் சாய்வான் என்றார்கள் அவர்கள். பால்காரர் இரண்டானார். ஒன்பதாம் எண்ணுக்கும் பத்தொன்பதாம் எண்ணுக்கும் பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. ஜாதகமெல்லாம் பொருந்தியிருந்தது, குழந்தை எந்தப் பக்கம் சாயும் என்பதில்தான் பேச்சு முறிந்தது.

இரண்டு கட்சிக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் பதின்மூன்றாம் எண். அந்த வீட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று முதலில் சொன்னவர் யாரென்று தெரியாது, அப்புறம் சொல்லாதவர் கிடையாது. சங்கச் செயலாளர் மாதையன், பதினாலாம் எண், வருவாய்த் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். அவர் மனுப் போட்டு ஒரு பொறியாளரை வரவழைத்தார். அந்தப் பொறியாளரும் விதிப்படி, முதல் நாள் ஒன்றாம் எண் வீட்டை அடிப்படையாக வைத்துக் கிழக்குச் சாய்வு வரிசையை அளந்தார், மறுநாள் இருபத்துநாலாம் எண்ணை அடிப்படையாக வைத்து மேற்குச் சாய்வு வரிசையை அளந்தார். எல்லா வீடும் அடிப்படை வீட்டோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயிற்று. இரண்டு அட்டவணையிலும் கோளாறு என்று வந்தது பதின்மூன்று மட்டும்தான். “மேற்படி வீடு ஒரு சாண் சாய்ந்துள்ளது” என்று கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

அரசி பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை, படிகம் வளர்க்கிறவருக்கு ஆச்சரியப்பட வராது. அவளே எத்தனையோ தடவை நுண்ணோக்கியில் பார்த்ததுதானே என்றார். சூட்டில் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் நிமிர்ந்து நிற்கிற படிகம், குளிர்ந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே தீரும், எந்தப் பக்கம் என்பதற்குக் காரணமே கிடையாது, பக்கத்தில் இருப்பது சாய்கிற பக்கம் இதுவும் சாயும், அவ்வளவுதான் காரணம். இரண்டு கும்பலும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் இரண்டு பக்கமும் போக முடியாமல் நேராக நிற்கும். நெருக்கி இழுத்தால் அந்தக் கோடு பக்கத்து இடத்துக்கு நகருமே தவிர அழியாது, அழிய வேண்டுமென்றால் படிகத்தின் ஓரத்துக்கே போய் வெளியே விழ வேண்டும். மறுபடி சூடேறினால் எல்லாம் தானாக நிமிர்ந்துவிடும், ஆனால் சாய்ந்த சூட்டில் நிமிராது, அதைவிட ரொம்பவே வேண்டும். இந்த ஊர்க் கணக்குக்கு முப்பத்தெட்டு டிகிரியாவது ஆகும் என்று அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார்.

இதையெல்லாம் அரசி சங்கக் கூட்டத்தில் ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள். “உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்” என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த தீர்மானம், வருகிற ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்றாம் எண்ணைக் கயிறு கட்டி இழுத்து நகரின் மானத்தைக் காப்பது. எந்தப் பக்கம் இழுப்பது என்று அடிதடி வரைக்கும் போய், கடைசியில் பிள்ளையார் முன்னால் சீட்டுப் போட்டதில் கிழக்கு வந்தது.

அவள் டவுனில் வாடகைக்கு வீடு தேடினாள். பாக்கியம் நகர் என்றதும் கதவைச் சாத்தினார்கள். சாய்வு தொற்றிக்கொள்ளும் என்று டவுனில் பேச்சு.

தை மாதம் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தேர்வடம் மாதிரி கயிறு கொண்டுவந்து, மாடிக் கைப்பிடியில் கட்டி, நாற்பது பேர் இழுத்தார்கள். மாதையன் கொடியசைத்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அரசி வேண்டாமென்று கெஞ்சினாள், அழுதாள், திட்டவும் செய்தாள். வீடு முனகிக்கொண்டே கிழக்கே சாய்ந்தது. உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தீர்த்தகிரி, தரை தூக்கியதும் நழுவிச் சுவர் ஓரமாகப் போய் விழுந்தார். அடியொன்றும் படவில்லை. ஆனால் மூன்று மாதமாகப் பழகிய நாலு எட்டு அந்த நிமிஷத்தோடு போயிற்று. அதற்கப்புறம் எழுப்பி நிறுத்தினால், “வேண்டாம் அரசி, பஸ் வளைவுல திரும்புற மாதிரியே இருக்குது” என்று உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்தபோது பதினாலாம் எண் நேராக நின்றது.

மாதையனின் நிலைமையை என்னவென்று சொல்வது! அவர் மனைவி வாசல் தெளிக்கவே வெளியே வரவில்லை. கால் அறுத்த கட்டிலெல்லாம் இப்போது கோணலாக நின்று, படுத்தவரைக் கீழே தள்ளியது. வந்தவர்கள் காப்பி வேண்டாமென்று வாசலோடு போனார்கள். வீட்டைத் திரும்ப மேற்கே இழுத்துவிடலாமே என்றால், அப்படிச் செய்தால் பதின்மூன்று மறுபடி நேராகிவிடும், கைக்கு வந்த வீட்டை விடமாட்டோம் என்று கிழக்குச் சாய்வுக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அவர்கள் கணக்கில்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அரசி பதினாலாம் எண் வாசலில் போய் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். தரை சமமாக இருந்தது.

“சார், உங்க வீட்ட எங்களுக்குக் குடுங்க. நீங்க எங்க வீட்டுக்கு வந்துடுங்க. அது நல்லாச் சாஞ்சிருக்குது, உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது” என்றாள்.

மாதையன் அந்த இடத்திலேயே சாவியை எடுத்துக் கொடுத்தார். இப்படியும் ஒரு பெண்ணா, இந்த அவமானத்தைத் தன் தலையில் தூக்கிச் சுமக்கிறாளே என்று உருகிப்போய், அடுத்த கூட்டத்திலேயே அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அரசி அதை மடித்து, தீர்த்தகிரியின் தலைக்கு உயரமாக வைத்தாள். பதின்மூன்றுக்குப் போன மறுநாளே மாதையன் கிழக்குச் சாய்வுக்காரராகி, மேற்கா, அது எந்தப் பக்கம் என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். நகரில் நேரான வீடு ஒன்று இருக்கிறவரை தலை நிமிர முடியாது என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினாலையும் இழுக்கத் தேதி வைத்தவரும் அவர்தான்.

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிறு காலையில் ஒரு வீட்டை இழுப்பார்கள், அது சாயும். பக்கத்து வீடு, மறுநாள் விடியும்வரை காத்திராமல், உடனே நிமிரும். நிமிர்ந்த வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்று சாயங்காலமே அரசி போய்க் கேட்பாள். அவர் கும்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு அவள் விட்ட வீட்டுக்குப் போவார். அவள் இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டியை இரவல் வாங்கி, ஒரு பாய், இரண்டு பாத்திரம், ஒரு நாற்காலி, நாற்காலியில் தீர்த்தகிரி என்று வைத்துத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். பதினைந்தில் அவர் மறுபடி ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார். பதினாறில் இரண்டு எட்டு வைத்தார். பதினேழுக்காரர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டையில் சுவரெல்லாம் பள்ளமாக்கி வைத்திருந்தார்கள், அந்தப் பள்ளங்கள் அவருக்குக் கைப்பிடியாயின. எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்ததாகையால் ஒரு வீட்டில் பழகிய ஐந்தாவது எட்டை அடுத்த வீட்டில் அதே இடத்தில் வைத்துவிடலாம். பத்தொன்பதில் கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒன்பது எட்டும் சுவரைத் தடவிக்கொண்டே வந்து, அடுப்படியில் நின்று, “உப்பு கம்மியா இருக்குது போல” என்றார். அரசி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

ஆனால் வீடுகள் இருபத்துநாலுதான். தை போய், மாசி போய், பங்குனி பிறந்தபோது அவர்கள் இருபத்துமூன்றில் இருந்தார்கள். அதற்கப்புறம் ஒரே ஒரு வீடு, அதையும் இழுத்துவிட்டால் புளியமரமும் தரிசும்தான். கோடு ஓரத்துக்குப் போய் வெளியே விழுந்துவிடும் என்று பேராசிரியர் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் அவள் மிச்சமிருந்த ஞாயிறுகளை விரல்விட்டு எண்ணினாள். சாய்ந்த வீட்டில் ஒரு ராத்திரி படுத்தாலும் அவர் கால் பழையபடி போய்விடும். பதின்மூன்றில் அதைத்தானே பார்த்தாள். ஆய்வகத்து வெப்பமானி ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் மத்தியானம் பார்த்தாள். முப்பத்தைந்து. முப்பத்தாறு. காலை ஏழு மணிக்கோ இருபத்தாறுக்கு மேல் ஏறவில்லை. இழுக்கிறவர்கள் வருவதோ ஏழு மணிக்கு.

பொன்னாடை வாங்கியதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் பேசாத அரசி, இருபத்துமூன்றும் சாய்ந்து அவர்கள் இருபத்துநாலுக்குப் போன பிறகு கூடிய கூட்டத்தில் எழுந்தாள். கடைசி வீடாயிற்றே, சாதாரணமாக இழுத்துவிட்டுப் போனால் நாலு பேர் நம்மை மதிப்பார்களா, ஒரு பிரமுகரைக் கூப்பிட்டு, மைக் செட் வைத்து, அவர் கையால் கயிற்றைத் தொட்டுக் கொடுத்த பிறகு இழுப்பதுதானே மரியாதை, கூடவே தெருவில் அடுப்பு வெட்டிச் சமபந்தி போட்டால் நகருக்கே பெருமையாயிற்றே என்றாள். மாதையன் கண் மலர்ந்துவிட்டது. இது தனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று அவர் சபையிலேயே வருத்தப்பட்டார்.

பிரமுகர் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சொன்ன நேரத்துக்கு வந்தால் அவர் எப்படிப் பிரமுகராவார்? எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள், ஒன்பதுக்குப் பக்கத்து ஊரில் காதுகுத்து என்றார்கள், பத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். பதினோரு மணிக்கு இழுக்கிறவர்களில் இரண்டு பேர் வெயில் தாங்காமல், ஆரம்பித்துவிடலாமே என்றார்கள். அரசி இருபத்துநாலாம் எண் வாசற்படியில் நின்றுகொண்டு, “அவர் வராம எப்படிங்க இழுக்கிறது, மரியாதையா இருக்காதே” என்றாள். எல்லோரும் ஆமாமென்று உட்கார்ந்தார்கள். தெரு நெடுகப் பன்னிரண்டு விறகடுப்பு எரிந்தது. தார் உருகிச் செருப்பைப் பிடித்தது. கைப்பைக்குள் வெப்பமானி முப்பத்தேழைத் தாண்டியது.

பன்னிரண்டரைக்குப் பிரமுகர் வந்தார், மாலை வாங்கினார், கயிற்றைத் தொட்டார், அவசரமென்று காரில் ஏறிப் போனார். கயிற்றின் பின்னால் இந்தத் தடவை நாற்பது பேர் இல்லை. நகரே நின்றது, குழந்தை குட்டிகளோடு. மாதையன் கொடியசைத்தார்.

வீடு வந்தது. ஒரு சாண் வந்து, ஒரு கணம் நின்று, திரும்பிப் போய் நிமிர்ந்துகொண்டது. மறுபடி இழுத்தார்கள். மறுபடி வந்து மறுபடி போனது. மூன்றாம் தடவை இழுக்கிறபோதுதான் அது நடந்தது: இருபத்துநாலிலிருந்து ஒன்று வரைக்கும், யாரோ விரல்களை வரிசையாகச் சொடக்குவது போல் ஒரு சத்தம் ஓடி, இருபத்துநாலு வீடும் நிமிர்ந்து நின்றன. சாலை நிமிர்ந்தது, மின்கம்பம் நிமிர்ந்தது, காலையில் போட்ட கோலமெல்லாம் சதுரத்துக்குச் சதுரம் வந்து அமர்ந்தது. கயிற்றைப் பிடித்திருந்த அத்தனை பேரும் தொப்பென்று விழுந்தார்கள்.

விழுந்தவர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. மூன்று மாதமாக ஒரு பக்கமாகவே நின்று பழகிய உடம்பு நேரான தரையில் எப்படி நிற்பதென்று மறந்திருந்தது. எழுந்து, கிழக்கே தள்ளாடி, மறுபடி உட்கார்ந்தார்கள். வீடுகளுக்குள் பீரோவும் கட்டிலும் காலிடறி விழுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கொதிக்கிற தெருவில், சாம்பார் அண்டாக்களுக்கு நடுவில், பாக்கியம் நகர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்த வாக்கிலேயே மாதையன், இது எந்த விதியில் வருகிறது என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது இருபத்துநாலாம் எண் வாசலில் தீர்த்தகிரி வந்து நின்றார். உள்ளிருந்து எப்படி வந்தார் என்று அரசி பார்க்கவில்லை. நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தார். மூன்று படியும் ஒவ்வொன்றாக இறங்கினார். தெருவில் பிடித்துக்கொள்ளச் சுவர் கிடையாது. அவர் இரண்டு கையையும் கொஞ்சம் அகட்டிக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் வழி விலக்கிப் போகிறவர் மாதிரி, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் காலைப் பார்த்து வைத்து, கயிற்றைத் தாண்டி, அண்டாவைச் சுற்றி, நடந்தார். இருபத்துமூன்று, இருபத்திரண்டு, இருபத்தொன்று என்று வீடுகள் பின்னால் போயின. இடது கால் கொஞ்சம் இழுத்தது. ஆனாலும் நடந்தார். புறவழிச்சாலை டீக்கடையைப் பார்த்துத்தான் போகிறார் என்று அரசிக்குத் தெரிந்துவிட்டது.

மாதையன் தரையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பதறிப்போய்க் கூப்பிட்டார்: “ஐயோ, யாராச்சும் போய் அவரப் பிடிங்கப்பா! விழுந்துடப் போறாரு!”

யாரும் எழுந்திருக்கவில்லை. அரசியால் எழுந்திருக்க முடியும், அவள் எழுந்திருக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அவர் போகிற திசையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.